கண் எங்கே நிற்கிறது?

பம்பாய், நேப்பியன் சீ சாலை, 1969. ஓவியர் அக்பர் பதம்ஸீ தமக்குக் கிடைத்த நேரு நிதிநல்கையை வைத்து அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்‌ஷாப் என்று பெயர். தூரிகை பிடித்த கைகள் கேமராவையும் படச்சுருளையும் தொட்டுப் பழக வேண்டும், திரைப்படக்காரர்களும் ஓவியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே வேலை செய்தவர்களில் ஒரே பெண், எல்லோரிலும் இளையவர், நளினி மலானி. ஜே.ஜே. கலைப்பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். அட்டையை வெட்டி ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டட உருவங்கள் செய்தார். அவற்றின் மேல் நிற ஒளியைப் பாய்ச்சி, 8 மி.மீ. கேமராவில் சட்டகம் சட்டகமாகப் படம்பிடித்தார். சிவப்பும் மஞ்சளும் நீலமும் மாறிமாறிப் படரப் படர, அட்டை வீடுகள் மெல்ல உயிர் பெறுகின்றன. படத்தின் பெயர் ‘ட்ரீம் ஹவுசஸ்’, அதாவது கனவு வீடுகள்.

அது அவர் ஒருவருடைய கனவு அல்ல. கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரீஷ் படேல் மூவரும் 1965இல் ‘மார்க்’ இதழில் ஒரு திட்டத்தை முன்வைத்திருந்தார்கள். பம்பாய் துறைமுகத்துக்கு அக்கரையில் ஒரு புதிய நகரம் எழுப்பினால் பழைய நகரம் மூச்சுவிடும் என்பது அவர்கள் வாதம். 1970இல் அதற்கென்றே சிட்கோ என்ற அரசு நிறுவனம் உருவானது. நகரத்தைத் திட்டமிட்டால் வாழ்க்கை சீராகும் என்று படித்தவர்கள் மனதார நம்பிய காலம்.

‘ட்ரீம் ஹவுசஸ்’ எடுத்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1976இல், மலானி இன்னொரு படம் எடுத்தார். இது கறுப்புவெள்ளை. உயரத்திலிருந்து ஓர் இளம்பெண் நகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னால் அடுக்குமாடிகளும் அவற்றின் காலடியில் குடிசைகளும் கிடக்கின்றன. இந்தப் படத்தையும் பழைய வண்ணப் படத்தையும் அருகருகே ஓடவிட்டு ‘யுடோபியா’ என்று பெயர் வைத்தார்.

இந்தியாவில் கருவியின் வழியாக நகரத்தைப் பார்த்த கலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இங்கிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. ஒரே ஊர், ஒரே கலைஞர், ஆனால் கண் இரண்டு இடத்தில் நிற்கிறது. முதல் படத்தில் அது மேசைமேல் குனிந்து மாதிரி வடிவத்தைப் பார்க்கிற திட்டக்காரரின் கண். ஒளியும் நிறமும் அதன் கையில் இருக்கின்றன. இரண்டாவதில் ஒரு பெண்ணால் பார்க்க மட்டும் முடிகிறது, எதையும் நகர்த்த முடியவில்லை. கடந்த 50 ஆண்டுகளில் கருவிகள் மாறிவிட்டன. 8 மி.மீ. போய் வீடியோ வந்தது, சிசிடிவி வந்தது, ட்ரோன் வந்தது. நகரம் அதைவிட வேகமாக மாறியது. ஆனால் இந்தக் கலையை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்வி அன்றே கேட்கப்பட்டுவிட்டதாக நினைக்கிறேன். கண் எங்கே நிற்கிறது? கருவி யார் கையில் இருக்கிறது?

நம்முடைய பழைய இலக்கியத்தில் நகரத்தைப் பார்க்கிற கண் நடந்துகொண்டே இருக்கும். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரையைக் காட்டும்போது பகல் அங்காடி, அந்திக் கடை, இரவின் யாமங்கள், விடியல் என்று பொழுதோடு பொழுதாகத் தெருவில் நகர்கிறார். சிலப்பதிகாரத்தில் கோவலன் ஊர் பார்க்கப் போவதற்கென்றே ஊர்காண் காதை என்று ஒரு காதை உண்டு. கால் போகிற இடத்துக்குத்தான் கண் போகும். கூட்டத்தில் இடிபடும், ஒதுங்கி நிற்கும். நவீன நகரத்தைச் செய்தவர்களின் கண்ணோ மேலே ஏறிவிட்டது. சர்வே வரைபடம், மாஸ்டர் பிளான், விமானத்திலிருந்து எடுத்த படம் எல்லாமே கீழே ஆள் நடமாடுவது தெரியாத உயரத்திலிருந்து பார்ப்பவை.

அந்த உயரத்தை உண்டாக்கிய அறை ஒன்றை தில்லியைச் சேர்ந்த ராக்ஸ் மீடியா கலெக்டிவ் எடுத்துக் காட்டியிருக்கிறது. ஜீபேஷ் பாக்சி, மோனிகா நருலா, சுத்தபிரதா சென்குப்தா மூவரும் 1992இல் தொடங்கிய குழு இது. 2011இல் அவர்கள் செய்த ‘ஆன் ஆஃப்டர்நூன் அன்ரெஜிஸ்டர்டு ஆன் தி ரிக்டர் ஸ்கேல்’ ஒரு சிறிய வீடியோ. கல்கத்தாவில் இந்திய சர்வே துறையின் புகைப்படப் பிரிவில் 1911இல் எடுத்த ஒரு படம்தான் அதற்கு ஆதாரம். மேசைகளில் குனிந்து வரிசையாக ஊழியர்கள். வரைபட நெகட்டிவ்களில் வேண்டாத பகுதிகளை மை பூசி மறைப்பது அந்தப் பிரிவின் வேலை. ராக்ஸ் குழு அந்த அசையாப் படத்தை அசைக்கிறது. மின்விசிறி லேசாகச் சுற்றத் தொடங்குகிறது, அறைக்குள் நீலம் படர்கிறது. பார்க்கிற நமக்கு, வரைபடம் என்பது வானத்திலிருந்து இறங்கியது அல்ல, புழுக்கமான ஓர் அறையில் யாரோ மை தொட்டு எதையோ மறைத்ததால் வந்தது என்பது மெல்ல உறைக்கிறது.

மறைப்பதற்கு ஒரு கருவி என்றால், எண்ணுவதற்கு இன்னொன்று. 1976இல், மலானி தம் கறுப்புவெள்ளைப் படத்தை எடுத்த அதே ஆண்டில், பம்பாயில் குடிசைக் கணக்கெடுப்பு நடந்தது. குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். ‘ஃபோட்டோ பாஸ்’ என்ற அந்தச் சொல் மும்பையின் எல்லா மொழிகளிலும் கலந்துவிட்டது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்த் தாராவியில் வேரூன்றியவர்களின் தமிழிலும். படத்தில் இருந்தால் ஊரில் இருக்கிறாய். படத்தில் இல்லையென்றால், பத்து வருடம் அங்கேயே கிடந்திருந்தாலும் இல்லை. கேமரா ஒரு குடும்பத்தின் கூரையையே தீர்மானிக்கிற ஊரில் கலைஞர் கையில் எடுக்கும் கேமராவும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

மும்பையை மாற்றிய பெரிய உடைப்பு ஆலைகளில் நிகழ்ந்தது. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பெரும்பாலானோர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. ஆலைகள் நின்றன, நிலம் மட்டும் மிஞ்சியது. அந்த நிலத்தை விற்க 1991இல் ஒரு விதி வந்தது: மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு ஏழைகளுக்கான வீடுகளுக்கு, மிச்சம் உரிமையாளருக்கு. 2001இல் விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டுமே அந்தப் பங்கீடு என்றானதும் ஊருக்குக் கிடைக்க வேண்டிய நிலம் சுருங்கிப்போனது. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இன்று லோயர் பரேலில் நிற்பவை வணிக வளாகங்களும் கண்ணாடிக் கோபுரங்களும். கிரண்காவ், ஆலைகளின் ஊர், என்று மராத்தியில் அழைக்கப்பட்ட இடம் அது.

இந்த மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஓவியர் சுதீர் பட்வர்தன். அவர் கதிரியக்க மருத்துவர். தானேயில் 1975 முதல் 2005 வரை எக்ஸ்ரே படங்களைப் படிப்பதே தொழில். அவர் ஓவியங்களில் ரயில் தடங்கள், மேம்பாலங்கள், இரானி உணவகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள், பாதி கட்டிய அடுக்குகள் எல்லாம் ஒரே பரப்பில் அடர்ந்து வரும். எக்ஸ்ரே பார்க்கிறவர் நிழலில் உடைசலைத் தேடுகிறவர். தோலைத் தாண்டிப் பார்த்தாலும், படத்துக்குப் பின்னால் வலியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதை மறக்க முடியாதவர். அவருடைய நகரக் காட்சிகள் எவ்வளவு பெரிதாக விரிந்தாலும் ஓரத்தில் நடந்துபோகும் மனிதர்களின் உடம்பு கனமாகவே இருக்கிறது. தொழில்நுட்பம் பற்றிய கலை என்றவுடன் மின்கம்பி, திரை, புரொஜெக்டர் என்று தேடுகிறோம். என் பார்வையில், எண்ணெய் வண்ணத்தில் வரைந்த இந்த மருத்துவரும் அந்தப் பட்டியலில் முன்வரிசைக்காரர்.

மேலிருந்து பார்க்கிற கண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு அதைக் கலங்கடித்தவர்கள் உண்டு. ஜிஜி ஸ்காரியா கேரளத்திலிருந்து தில்லிக்குப் போனவர். ‘பேனிக் சிட்டி’ என்ற வீடியோவில் ஜாமா மசூதியின் மேலிருந்து தெரியும் பழைய தில்லியின் மொட்டைமாடிகள் மேற்கத்திய செவ்வியல் இசைக்குத் தகுந்தபடி எழும்பித் தாழ்கின்றன. 2011 வெனிஸ் பினாலேயில், ரஞ்சித் ஹோஸ்கோட்டே அமைத்த இந்திய அரங்கில், ‘எலிவேட்டர் ஃப்ரம் தி சப்காண்டினன்ட்’ என்ற படைப்பை வைத்தார். பார்ப்பவர் ஒரு லிஃப்டுக்குள் நுழைகிறார், கதவு மூடுகிறது, சுற்றியுள்ள சுவர்களில் காட்சி நகர்கிறது. தரைக்கடியில் கார் நிறுத்தும் இடம், பல தரத்து வீடுகளின் உள்ளறைகள், மொட்டைமாடி என்று மேலே போய்க்கொண்டே இருக்கிறோம். லிஃப்ட் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. ஆனாலும் வயிற்றில் அந்த லேசான தூக்கல் வந்துவிடுகிறது. மேலே போகிறோம் என்று நம் உடம்பு எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறது என்பதைச் சொல்ல இதைவிட நேரான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

விவான் சுந்தரம் தம் ஸ்டூடியோ தரையில் குப்பையால் ஒரு நகரமே கட்டினார். டப்பாக்கள், பாட்டில்கள், பல்துலக்கிகள், பிளாஸ்டிக் துண்டுகள். குப்பை பொறுக்கும் தொழிலாளர்களோடு சேர்ந்து சேகரித்து, அடுக்கி, மேலிருந்து படம் எடுத்து, கணினியில் இணைத்துப் பெரும் புகைப்படங்களாக்கினார். 2008இல் ‘ட்ராஷ்’ கண்காட்சியில் அவை வந்தன. அதில் ஒரு படத்துக்கு ‘மாஸ்டர் பிளான்’ என்று பெயர்.

ஹேமா உபாத்யாயின் ‘8 x 12’ (2009) எனக்கு நெருக்கமானது, சங்கடம் தருவதும் அதுதான். தாராவி வீடு ஒன்றின் சராசரி அளவு 8 அடிக்கு 12 அடி. அந்த அளவில் ஓர் அறை அமைத்து, அதன் சுவர்களிலும் கூரையிலும் வானத்திலிருந்து பார்த்தால் தெரியும் தாராவியை அலுமினியத் தகடு, கார் உடைசல், தார்ப்பாய்த் துண்டு கொண்டு நுணுக்கமாகச் செய்து ஒட்டினார். உள்ளே நின்றால் ஊர் நம் தலைமேல் கவிழ்ந்து நிற்கிறது. மேலே இருந்து பார்க்கும் சுகம் போய் நெருக்கடி கழுத்தைப் பிடிக்கிறது. அந்தத் திருப்பம் பெரிய சாதனை. ஆனால் அங்கே கூரைகள் இருக்கின்றன, ஆள் இல்லை. தோல் பதனிட்ட கைகள் இல்லை, பானை வனையும் குயவர்கள் இல்லை, காலையில் தண்ணீருக்கு வரிசை நிற்கும் பெண்கள் இல்லை. 2015இல் கொலையுண்ட அந்தக் கலைஞரின் திறமை மேல் எனக்குள்ள மரியாதையோடே இதைச் சொல்கிறேன்: கூரைகளை மட்டும் பார்த்தால் இடிப்பவர் பார்வைக்கும் நம் பார்வைக்கும் இடைவெளி குறைந்துபோகிறது. தாராவி மறுகட்டமைப்புக்கான கணக்கெடுப்பில் ட்ரோனும் லிடார் என்ற லேசர் அளவீடும் பயன்பட்டன. தரைத்தள வீடு 2000 ஜனவரி 1க்கு முந்தையது என்று காட்ட முடிந்தவருக்கு அங்கேயே 350 சதுர அடி இலவசம், மேல்மாடியில் குடியிருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே வாடகைத் திட்டம். ஏணி வைத்து ஏறும் மேல்மாடி ஒன்றில் 20 ஆண்டு வாழ்ந்தவர் அந்த வான்படத்தில் ஒரு தகரத்துண்டு.

இந்த இடத்தில்தான் காம்ப் குழுவின் வேலை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஷைனா ஆனந்த், அசோக் சுகுமாரன், சஞ்சய் பங்கர் மூவரும் 2007இல் மும்பையில் தொடங்கியது. அதற்கு முன்பே ஆளுக்கொரு பக்கம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். சுகுமாரன் 2005இல் மும்பை பொது அஞ்சலகத்துக்கு எதிரே ஒரு கைச்சக்கரத்தை நிறுத்தினார். யார் வேண்டுமானாலும் வந்து சுற்றலாம். சுற்றச் சுற்ற, சந்திப்பைச் சூழ்ந்த கட்டடங்களிலும் மரங்களிலும் கட்டியிருந்த சீரியல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, ஒளி சந்திப்பைச் சுற்றி வரும். தினமும் ஆயிரக்கணக்கானோர் தலைகுனிந்து கடந்துபோகிற இடத்தை நிமிர்ந்து பார்க்கவைத்தது ஒரு கைப்பிடி.

2006இல் ஷைனா ஆனந்த் தில்லி கிட்கி எக்ஸ்டென்ஷனில் செய்த ‘கிட்கியான்’ இந்தக் கட்டுரையின் நடுத்தூண் என்றே சொல்வேன். கிட்கி என்றால் சன்னல். நெருக்கமான சந்துகள், வாடகை அறைகள், சிறு பட்டறைகள், பல மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கண்காணிப்புக்கென்று சந்தையில் விற்கும் மலிவான கேமராக்களை அவர் வாங்கினார். நான்கு கேமராக்களின் காட்சியை ஒரே திரையில் நாலு கட்டமாகக் காட்டும் பெட்டியையும் வாங்கினார். கேபிள் டிவிக்காரர்கள் சந்துக்குச் சந்து இழுக்கிற அதே கோஆக்சியல் கம்பியை, ஒன்றுக்கொன்று சுமார் 200 மீட்டர் தொலைவுக்குள் இருக்கிற நாலு இடங்களுக்கு இழுத்தார். ஒரு கடை, ஒரு வீடு, ஒரு பட்டறை இப்படி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதன்மேல் ஒரு கேமரா, ஒரு மைக்.

இதில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிசிடிவி எப்போதும் ஒருவழி. பார்க்கப்படுபவர் ஒரு பக்கம், பார்ப்பவர் மறுபக்கம், நடுவில் பூட்டிய கதவு. இங்கே அதே கருவி, அதே நாலு கட்டம். ஆனால் பார்க்கிற நால்வரும் பார்க்கப்படுகிற நால்வரும் ஒருவரேதான். ஒலியும் இருக்கிறது. நான்கு சந்து தள்ளிக் குடியிருந்து, ஒருவரையொருவர் பேசியறியாத பெண்கள் திரையில் முகம் பார்த்துப் பேசத் தொடங்குகிறார்கள். ஊர், வாடகை, வீட்டுக்காரர், கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. நடுவில் யாரும் நெறிப்படுத்துவதில்லை, கலைஞர் குரலே அதில் இல்லை. தெரு முனையில் நின்று பேசுவதற்கு ஆண்களுக்கு இருக்கிற உரிமை இல்லாத பெண்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியே ஒரு தெருமுனை ஆகிவிடுகிறது. இன்று கையிலுள்ள போனில் வீடியோ அழைப்பு சாதாரணம்தானே என்று தோன்றலாம். போனில் நாம் அறிந்தவரைத்தான் அழைக்கிறோம். இங்கே திரை திறந்தால் அக்கம்பக்கம் இருந்தது.

2008இல் மான்செஸ்டரில் ஷைனா ஆனந்த் செய்த ‘சிசிடிவி சோஷியல்’ இன்னும் ஒரு படி. அந்த ஊர்க் கண்காணிப்பு அறைகளின் கதவைத் திறக்கவைத்து, தினமும் அந்தக் கேமராக்களில் பதிவாகிறவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். தம் தெருவைப் பிறர் பார்க்கிற கண்ணால் அவர்களே பார்த்தார்கள், அங்கே வேலைசெய்பவரிடம் கேள்வி கேட்டார்கள்.

பின் ஜெருசலேம். ‘அல் ஜார் கப்லா அல் தார்’ என்ற படம் (2011) அரபுப் பழமொழி ஒன்றைத் தலைப்பாகக் கொண்டது: வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார். கிழக்கு ஜெருசலேமில் பாலஸ்தீனக் குடும்பங்களின் வீட்டுமேல் பாதுகாப்புக் கேமரா ஒன்றைக் காம்ப் குழுவினர் பொருத்தினார்கள். பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் சாயும், தொலைவில் இருப்பதை இழுத்து அருகில் காட்டும் வகை. அதை இயக்கும் விசை வரவேற்பறையில், குடும்பத்தின் கையில். அவர்கள் எங்கே திருப்புகிறார்கள் என்பதுதான் படம். தம்மை வெளியேற்றிவிட்டுப் பிறர் குடியேறிய வீடுகள், சுற்றி எழுந்த குடியிருப்புகள், பழைய வாசல்கள். திருப்பிக்கொண்டே பேசுகிறார்கள். ஒரு வாசலை நெருங்கி இழுக்கும்போது பேச்சு நின்று, அந்த விசையின் சின்ன நடுக்கம் திரையில் தெரிகிறது. வேறெந்த ஆவணப்படத்திலும் கேமராவின் அசைவு இவ்வளவு தூரம் ஒரு மனிதரின் கையெழுத்தாக ஆனதை நான் கண்டதில்லை.

மும்பைக்குத் திரும்பியபோது அதே வகைக் கேமராவைத் தம் ஊருக்கே திருப்பினார்கள். 2017இல் லோயர் பரேலில் உயரத்தில் பொருத்திய கேமராவின் நேரடிக் காட்சியை அரங்கில் அமர்ந்தவர்களுக்குக் காட்டி, ஆலை நிலத்தின் கதையைச் சொன்னார்கள். 2022இல் ‘பாம்பே டில்ட்ஸ் டவுன்’. ஒர்லி பகுதியில் 35 மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் ஒரே கேமரா. பெருந்தொற்று முடக்கத்தின் மாதங்களில் பதிவானது. அந்த ஆண்டு கொச்சி பினாலேயிலும், 2025இல் நியூயார்க் மோமா அருங்காட்சியகத்தில் காம்ப் குழுவின் கண்காட்சியிலும் பலர் பார்த்தார்கள். பல திரைகள் வரிசையாக நிற்கின்றன. காட்சி வானத்திலோ கடல்விளிம்பிலோ தொடங்கி, கண்ணாடிக் கோபுரத்தின் நெற்றியில் வழுக்கி, தளம் தளமாகக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கக் கண்ணாடி போய்ச் சிமென்ட் வருகிறது, சிமென்ட் போய் நீலத் தார்ப்பாய் வருகிறது, தண்ணீர்த் தொட்டி, காயும் துணி, ஆள். மராத்தியின் தலித் கவிதையும் ஷாஹிர்கள் என்ற மக்கள் பாடகர்களின் குரலும் இன்றைய மின்னிசையோடு பின்னி ஒலிக்கின்றன. ஆலை இயங்கிய நாளில் இதே தெருக்களில் மேடையேறிய மரபு அது.

கேமரா கீழே சாய்வதில் எவ்வளவு பொருள்! ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் கேமரா எப்போதும் எழும்பும். தரையிலிருந்து கிளம்பி, மரங்களைத் தாண்டி, 40ஆம் மாடியின் பால்கனியில் போய் நின்று கடலைக் காட்டும். இங்கே அது நேர்மாறாக இறங்குகிறது, இறங்கும்போது எதையும் வெட்டாமல், ஒவ்வொரு தளத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே நேர்க்கோட்டில் வாழ்கிறார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் இப்படிக் காட்டாது.

ஆனாலும் மலானியின் கேள்வியை இதனிடமும் கேட்கத்தான் வேண்டும். கண் 35ஆம் மாடியில் நிற்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே இருப்பவருக்குத் தம்மை யாரோ இழுத்து அருகில் பார்க்கிறார்கள் என்பது தெரியாது. விசை இந்த முறை கலைஞர் கையில். கலையாக ‘பாம்பே டில்ட்ஸ் டவுன்’ உச்சம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால், மங்கலான படமும் கரகரத்த ஒலியுமான கிட்கியானைத்தான் நான் காப்பாற்றி வைப்பேன். இதே குழு வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து 2008இல் தொடங்கிய பேட்.மா என்ற இணைய ஆவணக் காப்பகத்தில், வெட்டித் தொகுக்காத வீடியோப் பதிவுகள் நொடிவாரிக் குறிப்புகளோடு எவருக்கும் திறந்து கிடக்கின்றன. பார்த்ததைப் பூட்டி வைக்காத பழக்கம் அவர்களிடம் இருக்கிறது.

கேமராவை விட்டு விசைப்பலகைக்கு வந்தால் சைபர்மொஹல்லா. அங்குர் என்ற தொண்டு நிறுவனமும், ராக்ஸ் குழுவினர் உடன் நிறுவிய சராய் அமைப்பும் சேர்ந்து 2001இல் தில்லி எல்.என்.ஜே.பி. காலனியில் சில கணினிகளோடு ஓர் அறை திறந்தன. பின்னர் தட்சிண்புரியிலும், யமுனைக் கரையோர நங்லா மாஞ்சியிலும். குடியிருப்பின் இளைஞர்கள் வந்து உட்கார்ந்து, தம் சந்தில் அன்று கேட்ட ஒலியை, பார்த்த ஆளை, தண்ணீர் லாரி வந்த நேரத்தை எழுதினார்கள், ஒருவருக்கொருவர் படித்துக்காட்டினார்கள். கணினியை வேலைவாய்ப்புப் பயிற்சியாக மட்டும் ஏழைகளுக்குக் கொடுப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், அதைப் பார்ப்பதற்கும் எழுதுவதற்குமான கருவியாகக் கொடுத்தது பெரிய நம்பிக்கை. 2006இல் நங்லா மாஞ்சி இடிக்கப்பட்டது. இடிபட்ட நாட்களையும் அவர்கள் எழுதினார்கள். அந்த எழுத்துகள் 2007இல் ‘பஹுரூபியா ஷெஹர்’ என்று இந்தியில் நூலாகி, 2010இல் ஆங்கிலத்திலும் வந்தன. காமன்வெல்த் போட்டிக்காகத் தில்லி துடைத்துப் பளபளப்பாக்கப்பட்ட ஆண்டும் அதுதான். நங்லா மாஞ்சி இருந்த இடத்தின் செயற்கைக்கோள் படம் எதையும் சொல்லாது. அந்த நூல் அங்கே எந்த முனையில் யார் கடை வைத்திருந்தார் என்பது வரை சொல்லும்.

சென்னைக்கு வருகிறேன். இங்கே நகரத்தைப் பற்றிய பொதுவெளிக் கலை என்றால் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது கண்ணகி நகர் சுவரோவியங்கள். கூவம், கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களை 2000 முதல் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ளவர்கள் நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பல மாடி உயரத்துக்கு முகங்களையும் பூக்களையும் தீட்டவைத்தது. நிறம் வந்தது, பார்க்க வெளியாட்கள் வந்தார்கள், பெயருக்கு ஒட்டிய அழுக்கு கொஞ்சம் கழுவப்பட்டிருக்கலாம். அதைச் சிறிது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஓவியங்களைப் பார்க்க எதிர்ப்பக்கத்தில், வெளியே நிற்க வேண்டும். சுவருக்குள்ளே இருப்பவர் சன்னல் வழியாக எதைப் பார்க்கிறார் என்பதைக் கேட்கும் ஒரு கிட்கியான் அங்கே இன்னும் நடந்ததாகத் தெரியவில்லை.

கேமராக்கள் மட்டும் வந்துவிட்டன. சென்னைக் காவல்துறை சில ஆண்டுகளுக்கு முன் தெருவெங்கும் சிசிடிவி வைக்கச் சொல்லி நடத்திய இயக்கத்துக்கு ‘மூன்றாவது கண்’ என்று பெயர். நகைபறிப்பு குறைந்தது, திருடர்கள் பிடிபட்டார்கள், பெண்கள் நிம்மதி என்கிறார்கள். அந்த நிம்மதியை நான் மதிக்கிறேன். ஆனால் நம் மரபில் மூன்றாவது கண் பார்ப்பதற்குத் திறப்பதில்லை, எரிப்பதற்குத் திறப்பது. பெயர் வைத்தவர்கள் அந்த வரலாற்றை நினைத்தார்களோ இல்லையோ, சொல் தன் பழைய சூட்டை விடாது.

எங்கள் தெருமுனை டீக்கடையிலும் ஒன்று உண்டு. கல்லாவுக்கு மேலே சின்னத் திரை, அதில் நாலு கட்டம்: கல்லா, பாய்லர், உள்ளறை, வாசல். டீ குடிப்பவர்கள் அண்ணாந்து தம் உச்சந்தலையைத் தாமே பார்த்துக்கொள்வார்கள். வாசலுக்கு வெளியே, கேமராவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பூக்கார அம்மா கூடை வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு காலையில் அவர் கடைக்காரரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“தம்பி, அத்தக் கொஞ்சம் இந்தாண்ட திருப்பேன். நான் தண்ணி புடிக்கப் போறப்போ கூடைய எவனாச்சும் தூக்கினு பூடப்போறான்.”

“அது திரும்பாதுக்கா, ஸ்க்ரூ போட்டு முடுக்கிக்கீறாங்க.”

“ஸ்க்ரூ தானே.”

கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளேயிருந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த ஸ்க்ரூடிரைவரோடு ஏறினார். அந்த அம்மா கீழே திரை முன்னால் நின்றுகொண்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும், ஆங், போதும்” என்று சொன்னார். வாசலின் பாதி போய், நாலாவது கட்டத்தில் ஓரமாக ஒரு குடையின் விளிம்பும், மல்லிகைக் கூடையின் முக்கால் பங்கும் வந்து நின்றன. இப்போது குடத்தோடு திரும்பி வரும்போது அந்த அம்மா கடை வாசலில் ஒரு நொடி நிற்கிறார், அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூடைக்குப் போகிறார்.